பெயின்ட்டை விட உடைந்த டைல்ஸ் மேல்

பொதுத் தோட்டத்தின் கொட்டகைச் சுவரில் எல்லோரும் சேர்ந்து ஓவியம் தீட்டலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நல்ல யோசனைதான், ஆனால் ஓதம் ஏறும் சுவரா என்று முதலில் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் நாங்கள் பார்க்கவில்லை. அடியிலிருந்து பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, தண்டே இல்லாமல் சூரியகாந்திப் பூ மட்டும் அந்தரத்தில் நின்றது!

அப்புறம் உடைந்த டைல்ஸுக்கு மாறினோம். ஆளுக்கொரு சதுர வலைத்துணி. வீட்டிலேயே துண்டுகளை ஒட்டி எடுத்து வந்தால் போதும், சேர்த்துச் சுவரில் பதித்துவிடலாம். அதற்கு சிமென்ட் கலந்த டைல் பசைதான் சரி, வெள்ளைப் பசை மழையில் இளகிவிடும். ஒருவர் உடைந்த கோப்பையின் பிடியை நத்தையின் முதுகாக வைத்திருந்தார். எல்லோரும் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். கூரான ஓரங்களை மட்டும் முன்பே சாணைக்கல்லில் தேய்த்துவிடுங்கள்.