புடோங் வெறும் வயலாக இருந்ததா?

“1990 வரை ஷாங்காயின் புடோங் வெறும் வயல்வெளி, இன்று முழுக்க வானளாவிகள்” என்று உங்கள் பதிவில் ஒரு படத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பாதியுமே பாதி உண்மைதான்.

புடோங் என்றால் ஹுவாங்பூ ஆற்றுக்குக் கிழக்கே என்று பொருள். சீன அரசு அதை வளர்க்கப்போவதாக அறிவித்தது 1990 ஏப்ரலில், சரி. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே ஆற்றங்கரை நெடுக துறைமேடைகள், கிடங்குகள், கப்பல் கட்டும் தளங்கள், தொழிலாளர் குடியிருப்புகள் எல்லாம் இருந்தன. இல்லாதது பாலம். ஷாங்காயின் மையத்திலிருந்து அக்கரைக்குப் போக மக்கள் பெரும்பாலும் படகைத்தான் நம்பியிருந்தார்கள். நான்பூ பாலம் 1991-இல்தான் வந்தது, யாங்பூ பாலம் 1993-இல். வயல்கள் உள்ளே தள்ளி இருந்தன.

அப்புறம் அந்த வானளாவிகள். படங்களில் வரும் 468 மீட்டர் முத்துக் கோபுரமும் 632 மீட்டர் ஷாங்காய் டவரும் நிற்பது லுஜியாஸுய் என்ற ஆற்று வளைவில். அது புடோங்கின் ஒரு மூலைதான். 2009-இல் நான்ஹுய் மாவட்டத்தையும் சேர்த்த பிறகு புடோங்கின் பரப்பு ஏறக்குறைய 1,200 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைவிடப் பெரிது. விமான நிலையம், டிஸ்னிலேண்ட், தொழிற்சாலைகள் போக, நான்ஹுய் பக்கம் இன்னும் பீச் பழத் தோட்டங்களும் தர்பூசணி வயல்களும் இருக்கின்றன.

இன்னொன்று: நீங்கள் போட்ட படத்தில் இருக்கும் பழைய கல் கட்டடங்கள் புடோங்கே அல்ல. அது எதிர்க்கரையில், ஹுவாங்பூ மாவட்டத்திலுள்ள பண்ட் என்ற ஆற்றோரப் பகுதி.