தோற்றால் டிக்கெட் காசு திரும்பி வருமா?

"இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் அணி படுமோசமாகத் தோற்றால் கிளப் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும், லண்டன் கிளப்பான டோட்டன்ஹாம் அப்படித்தான் தந்தது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அப்படி ஒரு விதியே கிடையாது.

சரி, டோட்டன்ஹாம் கதை? 2023 ஏப்ரல் 23 அன்று நியூகாசிலிடம் 6-1 என்று தோற்றார்கள். முதல் 21 நிமிடத்துக்குள்ளேயே ஐந்து கோல்! பணம் தர முன்வந்தது கிளப் அல்ல, வீரர்கள். அதுவும் எல்லோருக்கும் இல்லை. நியூகாசில் நகரம் வரை போய்ப் பார்த்த டோட்டன்ஹாம் ரசிகர்களுக்கு, டிக்கெட் விலை மட்டும். ரயில் செலவு அவரவர் பாடு.

2009இல் இதே டோட்டன்ஹாமிடம் 9-1 வாங்கிய விகன் வீரர்களும் இப்படித்தான் தாங்களாகவே முன்வந்தார்கள். 2019இல் லெஸ்டரிடம் 9-0 என்று தோற்ற சவுத்தாம்ப்டன் வீரர்களின் அன்றைய சம்பளமோ கிளப்பின் அறக்கட்டளைக்குப் போனது.