1948-இல் தொடங்கியதல்ல ஆர்டர் ஆஃப் தி ஆரோ

ஒரு நண்பர் தன் பதிவில், ‘அமெரிக்க சாரணர்களின் ஆர்டர் ஆஃப் தி ஆரோ (சிறந்த சாரணர்களுக்கான கௌரவ அமைப்பு) 1948-இல் தலைமையகம் உருவாக்கியது, உறுப்பினர்களையும் மேலிடமே நியமித்தது’ என்று எழுதியிருக்கிறார். இரண்டும் சரியல்ல.

இது 1915 ஜூலை 16 அன்று, டெலவேர் ஆற்றின் நடுவே உள்ள டிரெஷர் ஐலண்ட் முகாமில் பிறந்தது. பிலடெல்பியா சாரணர்களின் கோடை முகாம் அது. தொடங்கியவர்கள் முகாம் இயக்குநர் அர்னர் குட்மனும், உதவியாளர் கேரல் எட்சனும். இருவருக்கும் அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை!

தேர்வு மேலிருந்து வரவில்லை என்பதுதான் இதன் உயிரே. ஒவ்வொரு படையிலும் பையன்களே வாக்களித்துத் தங்களில் சிறந்தவனைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தக் கௌரவம் பெறாத பையனுக்கும் ஓட்டு உண்டு. தேர்வானவனுக்கு உடனே மாலை மரியாதை கிடையாது. இரவில் தனியே உறங்க வேண்டும், அப்புறம் பகல் முழுக்க வாய் திறக்காமல், அரை வயிற்றுச் சாப்பாட்டோடு முகாமுக்காக உழைக்க வேண்டும்.

மற்ற ஊர்களுக்கும் பரவி, 1921-இல் பிலடெல்பியாவில் தேசியக் கூட்டமே நடந்தது. தலைமையகம் இதை அதிகாரப்பூர்வத் திட்டமாக ஏற்றது 1934-இல். 1948, சாரணர் இயக்கத்தோடு முழுமையாக இணைக்கப்பட்ட ஆண்டு மட்டுமே. அதைத் தொடக்கம் என்றால் முந்தைய 33 ஆண்டு உழைப்பு காணாமல் போய்விடும். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.