கிளார்க் புத்தி

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பராமரிப்புக் கணக்கில் 340 ரூபாய் உதைக்கிறதே என்று கேட்டேன். "கிளார்க் புத்தியைக் காட்டாதீங்க மேடம்" என்று பதில். அதற்குக் கீழே பதினோரு சிரிப்புப் பொம்மைகள். ஆமாம், எண்ணினேன். கிளார்க் புத்தி எண்ணத்தானே செய்யும்.

சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரேக்கத்தில் 'கிளேரோஸ்' என்றால் சீட்டு, சீட்டுப் போட்டுக் கிடைக்கிற பங்கு. அது லத்தீனில் 'கிளெரிகஸ்' ஆகிப் பாதிரியாரைக் குறித்தது. அன்றைய ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர்தான். அப்புறம் எழுத்து தெரிந்தவரெல்லாம் கிளார்க். இங்கிலாந்தில் ஒரு காலத்தில், சில குற்றங்களுக்கு, பைபிளின் 51-ஆம் சங்கீதத்தில் ஒரு வசனத்தை வாசித்துக் காட்டினால் தூக்கிலிருந்து தப்பிக்கலாம். கழுத்தைக் காப்பாற்றிய படிப்பு ஐயா அது! இன்றைக்கும் பிரிட்டிஷ் மக்களவையின் தலைமை அதிகாரிக்குப் பதவிப் பெயரே கிளார்க்தான். அவரிடம் போய்ப் புத்தியைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

நம்மூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதினார் கணித மேதை ராமானுஜன். மறுவருஷம் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குப் போட்ட கடிதத்தில், துறைமுக அலுவலகத்தில் ஒரு கிளார்க் என்றுதான் எடுத்த எடுப்பிலேயே சொல்லிக்கொள்கிறார். சம்பளம் எவ்வளவு சொற்பம் என்பதையும் மறைக்கவில்லை. ராபர்ட் கிளைவ்கூட 1744-இல் இங்கே வந்து இறங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ரைட்டர்' உத்தியோகத்துக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்குத்தான். சரி, அவரை விடுங்கள், அவர் போட்ட கணக்கு வேறு.

"எத்தனை கிளார்க் எங்களை அலையவிட்டிருக்கிறான் தெரியுமா?" என்று கிளம்புவீர்கள். தெரியும். வாரிசுச் சான்றிதழுக்கு நானும் நாலு மாதம் அலைந்தவள்தான். லஞ்சம் கேட்டவனைத் திட்டுங்கள், வேலையின் பெயர் என்ன பாவம் செய்தது? "தமாஷுக்குச் சொன்னதும்மா" என்கிறவர்களுக்குத்தான் எனக்குப் பதில் சொல்லவே வரவில்லை. தமாஷுக்கு ஏன் ஒருவரும் மேனேஜர் புத்தி என்று சொல்வதில்லை?

அப்பா முப்பத்தொரு வருஷம் கிளார்க். ஈர ஸ்பாஞ்சைத் தொட்டுத் தொட்டுத் தாள் புரட்டியதில் கட்டைவிரல் நுனி எப்போதும் ஊறியே இருக்கும். ஒரு மார்ச் 31 அன்று 40 பைசா இடித்ததால் கடைசி மின்சார ரயிலில்தான் வீட்டுக்கு வந்தார். "நாற்பது பைசாதானே, கையிலேர்ந்து போட்டுட்டு வர்றதுக்கென்ன?" என்றாள் அம்மா. "போட்டா கணக்கு நேராயிடும்டி. தப்பு எங்கேன்னு தெரியாமப் போயிடுமே" என்றார், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

இவ்வளவு கோபம் அந்தப் பதினோரு பேர் மேல் மட்டும்தானா என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடம் வந்தபோது, "ஆபீசர்னு போடேன்ப்பா" என்று கெஞ்சியவள் நான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முத்து முத்தான கையெழுத்தில் 'கிளார்க்' என்று எழுதி, மை காய வாயால் ஊதி, என் கையில் கொடுத்தார்.

அந்த 340 ரூபாய்க்கு இன்னும் பதில் வரவில்லை.