ஓட்டைப் பிரித்தது யார்?

(தாராவி 90 அடி ரோடு, காலை ஏழு மணி, 2024 மே கடைசி வாரம், மக்களவைத் தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கும் நேரம். இட்லி விற்கும் மரியம்மாள் இப்போதுதான் போனை வைத்தார்.)

அண்ணாச்சி: ஊரிலிருந்தா தாயி? ஓட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று காதில் விழுந்ததே.

மரியம்மாள்: ஆமா அண்ணாச்சி, தம்பிதான் பேசினான். நேற்றே பிரித்தாச்சாம்.

அண்ணாச்சி: நான் அப்பவே சொன்னேன்! யார் பிரித்தது?

மரியம்மாள்: ரெண்டு பேர். ஒருத்தன் ஆறுமுகநேரி, இன்னொருத்தன் குலசேகரப்பட்டினத்துப் பையன்.

அண்ணாச்சி: சுயேச்சையா?

மரியம்மாள்: தினக்கூலி.

அண்ணாச்சி: கூலி வாங்கிக்கொண்டா பிரிக்கிறான்! சரி, எவ்வளவு பிரித்திருப்பான்?

மரியம்மாள்: மேற்கே முழுசும். கிழக்கே, கடலைப் பார்த்த பக்கம், பாதி. போன டிசம்பர் மழையில் அடி வாங்கியது அந்தப் பக்கம்தானே.

அண்ணாச்சி: இருக்காதா பின்னே? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தக் கோபம் இருக்கும். (இட்லி மடித்த தாளைப் பிரித்து, சட்னி படாத மூலையில் கணக்குப் போடுகிறார்.) ஆக, மேற்கே தேரிக்காட்டு ஓட்டு போச்சு. கிழக்கே மீனவர் ஓட்டு பாதி. செல்லாத ஓட்டு எவ்வளவு?

மரியம்மாள்: கால்வாசி இருக்கும். விரலை வைத்தாலே உதிர்கிறதாம்.

அண்ணாச்சி: புது ஓட்டு?

மரியம்மாள்: அதுதான் இடிக்கிறது. ஒரு ஓட்டுக்கு ஐம்பது ரூபாய் கேட்கிறான்.

அண்ணாச்சி: ஐம்பதா! 2017-ல் ஆர்.கே. நகரில் பணம் புகுந்து விளையாடியதென்று தேர்தலையே நிறுத்தினார்கள். நம்ம திருச்செந்தூர்க்காரன் ஐம்பது ரூபாய்க்கு மானத்தை விற்கிறானா? டீ, வடைக்குக் காணுமா அது?

மரியம்மாள்: ஏற்றுக்கூலி தனி அண்ணாச்சி.

அண்ணாச்சி: ஏற்றுக்கூலியா? வண்டி வைத்துத்தானே ஏற்றிப் போவார்கள்!

மரியம்மாள்: கூரை மேலே யார் வண்டி விடுவார்கள்? நான் எங்க வீட்டு ஓட்டைச் சொல்கிறேன். மங்களூர் ஓடு. மழையில் ஒழுகியதால் பிரித்து மாற்றுகிறார்கள்.

(அண்ணாச்சி கொஞ்ச நேரம் சட்னி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்க வேண்டாம். மாதுங்கா, சயான் பக்கம் தேர்தலுக்குத் தேர்தல் இப்படி ஒருவரையாவது பார்க்கிறேன், ஒருத்தரும் அசந்ததில்லை.)

அண்ணாச்சி: இருந்தாலும் என் கணக்கு தப்பாது. ஊர் நாடி எனக்குத் தெரியும்.

மரியம்மாள்: நீங்க ஊரில் கடைசியாக ஓட்டுப் போட்டது எப்போ?

அண்ணாச்சி: 2001. இரட்டை இலை. அனிதா ராதாகிருஷ்ணன்.

மரியம்மாள்: அவர் 2009-லேயே சூரியனுக்குப் போய், அந்த டிசம்பர் இடைத்தேர்தலிலும் ஜெயித்து, 2011, 2016, 2021 என்று அங்கேயிருந்தே ஜெயித்துவிட்டார். உங்க ஓட்டு உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்சி மாறி இத்தனை வருஷமாச்சு. நீங்க நாடி பார்க்கிறீங்க. சரி, போன 20-ஆம் தேதி, திங்கட்கிழமை, இங்கே போட்டீங்களா?

அண்ணாச்சி: லீவு நாளாச்சே தாயி. வசாயில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன்.

மரியம்மாள்: அங்கே ஓட்டு இருக்கா?

அண்ணாச்சி: அங்கே பாம்ஃப்ரெட் குழம்பு.

மரியம்மாள்: நான் ரெண்டரை மணி நேரம் வெயிலில் நின்று போட்டேன். கையைப் பாருங்க, மை இன்னும் போகவில்லை. மாவு ஆட்டுகிற கை, அதிலேயே போகவில்லை.

அண்ணாச்சி: அது கிடக்கட்டும். மீனவர் ஓட்டு எந்தப் பக்கம்?

மரியம்மாள்: மீனவர் ஓட்டு, தேரிக்காட்டு ஓட்டு என்று விறகுக் கட்டு மாதிரி அடுக்குகிறீங்களே, எங்க வீட்டில் இருப்பதே நாலு பேர். அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். இன்னும் சாகவில்லை, இலை. தம்பி மைக். தங்கச்சி சூரியன். அப்பாவுக்குக் காமராசர் காலத்திலிருந்து காங்கிரஸ்தான், இந்தத் தடவை மெஷினில் கையைத் தேடு தேடு என்று தேடி, கூட்டணி என்று வெளியிலேயே சொல்லித் தொலைத்திருந்ததால் அவரும் சூரியனை அழுத்திவிட்டு வந்து, ராத்திரி சோறு தின்னவில்லை. இந்த நாலு பேரும் ஒரே குரலில் கேட்பது ஒன்றுதான், தூண்டில் வளைவு. கடல் வீட்டு வாசலுக்கு வருகிறது, கல்லைக் கொட்டித் தடுங்கள் என்று எல்லாத் தேர்தலிலும் கேட்கிறோம். அதை உங்க தாளில் எந்த மூலையிலாவது எழுதியிருக்கீங்களா?

அண்ணாச்சி: (தாளைத் திருப்பிப் பார்க்கிறார்.) இலை ஒன்று, மைக் ஒன்று, சூரியன் ரெண்டு...

மரியம்மாள்: என்ன?

அண்ணாச்சி: அப்போ உங்க வீட்டு ஓட்டு பிரிந்துதானே போச்சு? நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா?

மரியம்மாள்: கணக்கென்றதும் ஞாபகம் வருகிறது. போன வாரத்திலிருந்து முப்பத்தாறு இட்லி, பத்து வடை நிற்கிறது. எப்போ தருவீங்க?

அண்ணாச்சி: ஜூன் 4-ல் தெரிந்துவிடும் தாயி.