ஆயில் மாற்றுவதற்கே நம்ப முடியவில்லை என்றால்

பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற என் ஹைப்ரிட் காருக்கு சர்வீஸ் சென்டரில் இன்ஜின் ஆயில் மாற்றியபோது, அளவுக்கு மேல் ஊற்றி அனுப்பிவிட்டார்கள். அதைக் காட்ட, ஆயில் அளவு பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கைப் படம் எடுத்துப் போன பதிவில் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று சொல்லிவிட்டீர்கள். "ஒரு ஆயில் சேஞ்சுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்பதுதான் அதில் அதிகம். ஆமாம், ஒரு ஆயில் சேஞ்சுக்குத்தான். அதனால்தான் கோபமே வருகிறது. ஹைப்ரிட் காரில் செய்கிற வேலைகளிலேயே ஆகச் சாதாரணமானது அது. பழைய ஆயிலை வடிக்க வேண்டும், பில்டரை மாற்ற வேண்டும், வடிக்கிற போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முறுக்க வேண்டும், மேனுவலில் சொன்ன அளவுக்குப் புது ஆயிலை ஊற்றி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டும். ஹைப்ரிட் என்பதற்காகக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டி ஓடத் தயார் என்று காட்டுகிற ரெடி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இன்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகலாம், அதனால் முழுவதும் ஆஃப் செய்துவிட்டுத்தான் கீழே கைவைக்க வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் எந்த பெட்ரோல் வண்டிக்கும் செய்கிற வேலை. இதையே ஒழுங்காகச் செய்யாதவர்களிடம், உயர் மின்னழுத்தம் போகிற ஆரஞ்சு நிற ஒயர்களும் 200 வோல்ட்டுக்கு மேல் பேட்டரியும் இருக்கிற பகுதியை எந்த நம்பிக்கையில் ஒப்படைப்பது? போன பதிவிலும் இதைத்தான் கேட்டேன், இப்போதும் இதைத்தான் கேட்கிறேன்.

படத்தில் தெரிந்தது மேல் கோட்டைத் தாண்டி விரல் அகலத்துக்கு நின்ற ஆயில். வண்டியை எடுத்து வந்த மறுநாள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தது. "சரியாகப் பார்த்தீர்களா" என்று கேட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

போன் செய்தால் சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதில்: "மேடம், ஹைப்ரிட்டில் பெட்ரோல் ஆயிலோடு கலக்கும், லெவல் கொஞ்சம் மேலேதான் காட்டும்."

இதுதான் என்னை அதிகம் காயப்படுத்தியது. ஏனென்றால் அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஹைப்ரிட்டில் இன்ஜின் அடிக்கடி நின்று நின்று ஓடும், மெதுவாகப் போகும்போது மோட்டாரே இழுத்துக்கொள்ளும், சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓட்டினால் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. அப்போது உள்ளே இறங்கிய பெட்ரோலும் நீராவியும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும், லெவல் ஏறவும் ஏறும். ஆனால் அது ஓடி ஓடிச் சேர்கிற விஷயம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்கு வந்து ராத்திரி நின்ற வண்டியில், புத்தம்புது ஆயிலில், விரல் அகலத்துக்குப் பெட்ரோல் எங்கிருந்து வரும்? உண்மையான ஒரு விஷயத்தை எடுத்து, தெரியாதவளின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தினார். தெரியாது என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட நான் மதித்திருப்பேன்.

"கொஞ்சம் அதிகமாக இருந்தால் என்ன, குறைவாக இருந்தால்தானே ஆபத்து" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். இல்லை அண்ணா. ஆயில் ரொம்ப ஏறிவிட்டால் இன்ஜினுக்குள் சுற்றுகிற தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் அதில் அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலில் பிரஷர் நிற்காது, பேரிங்குகளுக்குப் போக வேண்டிய பூச்சு சரியாகப் போகாது. அதுவும் ஹைப்ரிட்டில், வண்டி மோட்டாரில் போய்க்கொண்டிருக்கும்போதே இன்ஜின் திடீரென்று எழுந்து வேலைக்கு வரும். அந்த நேரத்தில் ஆயில் உடனே போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தானே என் வண்டியின் மேனுவல் 0டபிள்யூ-16 என்று அவ்வளவு மெல்லிய ஆயிலைக் கேட்கிறது (எண் குறையக் குறைய ஆயில் மெல்லியது). 16 என்கிற அந்த கிரேடே 2013-இல்தான் வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்ஏஇ-யின் தரவரிசையில் சேர்ந்தது. பில்லில் என்ன இருக்கிறது தெரியுமா? "இன்ஜின் ஆயில்". கிரேடு இல்லை. ட்ரம்மில் இருந்த, அதைவிடக் கெட்டியான 5டபிள்யூ-30ஐ ஊற்றினார்களா, கேட்டதை ஊற்றினார்களா, எனக்குத் தெரியாது. கெட்டியானதை ஒருமுறை ஊற்றினால் இன்ஜின் மறுநாளே கெட்டுவிடாது, மைலேஜ்தான் முதலில் அடிவாங்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொன்று. செய்த வேலைகளைக் குறித்துத் தருகிற ஜாப் கார்டில் "ஹைப்ரிட் பேட்டரி ஏர் பில்டர் சுத்தம் செய்யப்பட்டது" என்று டிக் போட்டிருக்கிறது. பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போகிற வலை அது. கையை வைத்துப் பார்த்தேன், தூசி அப்படியே படிந்திருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகும், சூடு அதன் ஆயுளைத் தின்னும். காரிலேயே விலை அதிகமான பாகங்களில் ஒன்றுக்கான வேலை, பேனாவால் முடிந்துவிட்டது.

"அப்படியென்றால் வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுங்கள்." கொடுக்கலாம். வாரண்டி இருக்கும்வரை யோசிக்க வேண்டியிருக்கிறது. நாளைக்குப் பேட்டரியில் ஏதாவது வந்தால் "வெளியில் சர்வீஸ் செய்தீர்களே" என்று இழுத்தடிப்பார்கள் என்கிற பயம் எனக்கு மட்டுமா இருக்கிறது? "நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்பதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"அங்கே வேலை செய்கிற பையன் பாவம், அவன் வேலை போய்விடும்" என்று எழுதியவருக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். அந்தப் பையன் பெயர்கூட எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன். புதிதாகச் சேர்ந்தவனிடம்தான் ஆயில் சேஞ்சைத் தள்ளுவார்கள், ஒரு வண்டி இறங்குவதற்குள் அடுத்தது லிஃப்டில் ஏறும், அளந்து ஊற்ற அவனுக்கு நேரம் தந்தார்களா என்பதே சந்தேகம். என் கோபம் அவன்மேல் இல்லை. முடிந்த வேலையை ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தக் கார்டிலேயே கட்டம் இருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பார்க்காமல் போட்ட அந்தக் கையெழுத்தின்மேல்தான் என் கோபம்.

எங்கள் அப்பாவின் பழைய காரைப் பார்த்த மெக்கானிக், கழற்றிய பில்டரை அப்பா கையில் கொடுத்துத்தான் புதியதை மாட்டுவார். "பாத்துக்கங்க சார்" என்பார். ஆயில் டப்பாவை அப்பா கண்ணெதிரே உடைப்பார். அப்பாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் கூப்பிட்டுக் காட்டுவார். நான் சின்னப் பெண்ணாகப் பக்கத்தில் நின்று ஏதாவது கேட்டால் அதற்கும் குனிந்து பதில் சொல்வார். அந்த மனிதர் ஒரு நாளும் "என்னை நம்புங்கள்" என்று சொன்னதில்லை.

இங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து காபி கொடுக்கிறார்கள். உள்ளே வந்து பார்க்கலாமா என்றால் பாதுகாப்பு விதி என்கிறார்கள். சரி, விதி இருக்கட்டும், பழைய பில்டரையும் காலி டப்பாவையும் வெளியே கொண்டுவந்து காட்டலாமே? அதைக் கேட்டதற்கு அட்வைசர் சிரித்தார். நேரில் போய்க் கேட்டபோது இன்னும் மோசம். துணைக்கு வந்த தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார். வண்டி என் பெயரில் இருக்கிறது, நான்தான் ஓட்டுகிறேன், நான்தான் கேள்வி கேட்கிறேன், மேனுவலைப் பக்கம் திறந்து கையில் வைத்திருப்பதும் நான்தான். தம்பி "அக்காகிட்ட சொல்லுங்க சார்" என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் அவர் கண் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு ஆண் அதே படத்தைக் காட்டியிருந்தால் பெட்ரோல் கலக்கும் கதையைச் சொல்லியிருப்பாரா? என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. இதைப் படித்துவிட்டு "எல்லாவற்றிலும் ஆண் பெண் பார்க்காதீர்கள்" என்று எழுதப்போகிறவர்கள் தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

கடைசியில் மேனேஜர் போன் செய்தார். வண்டியைக் கொண்டுவந்தால் அதிகமான ஆயிலை இலவசமாக எடுத்துவிடுகிறோம் என்றார். எடுத்தால் மட்டும் போதாது, முழுவதும் வடித்துவிட்டு, கிரேடு எழுதிய சீல் உடையாத டப்பாவை என்னிடம் காட்டிவிட்டு ஊற்றுங்கள், பேட்டரி பில்டரை என் முன்னால் கழற்றுங்கள், பில்லில் 0டபிள்யூ-16 என்று எழுதித் தாருங்கள் என்றேன். "பேசிட்டுச் சொல்றேன் மேடம்" என்று வைத்தார். இன்னும் சொல்லவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது, நான் அதை எடுக்கவில்லை.