எங்கட பேச்சுக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லையா?

கிளிநொச்சியில் இரணைமடுப் பக்கம் இருந்துகொண்டு போனில்தான் தொடர் பார்க்கிறேன். எச்.டி. தரத்தில் வைத்தால் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். தரத்தைக் குறைத்து மங்கலாகவே பார்ப்பேன். சரி, அது போகட்டும். ஈழத்தமிழர் பாத்திரம் ஒன்று வாய் திறந்தவுடன்தான் எரிச்சல் வருகிறது. வசனத்தில் ஆமாம் என்பதற்கு ஒரு 'ஓம்', பேசுகிறீர்கள் என்பதற்கு ஒரு 'கதைக்கிறியள்' ஒட்டிவிட்டால் எங்கட பேச்சு ஆகிவிடுமா? சின்னப் பிள்ளையைக்கூட மரியாதையாகக் 'கதைக்கிறியள்' என்கிறார்கள்! முல்லைத்தீவுப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் ஒன்றா? படப்பிடிப்புக்கு அவ்வளவு செலவழிக்கிறவர்கள், வசனத்தைப் பார்த்துத் திருத்தக் கிளிநொச்சியில் ஒருவரைக் கேட்கக்கூடாதா? பக்கத்தில் இருந்த அப்பம்மா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “இது எந்த ஊர்ப் பிள்ளை?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.